பெக்கட்டைக் கோட்டைவிட ஐந்து வழிகள்

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு, கல்முனையில் இருந்துகொண்டே லினக்ஸுக்கு நெட்வேர்க் டிரைவர் எழுதப் புறப்பட்டிருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே! நன்றாக எழுதச் சொல்லித்தர ஆயிரம் பேர். கெடுக்கச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. அந்தக் குறை தீர இதோ வழிகள்.

1. எந்தப் பெக்கட்டும் ஒரே பஃபருக்குள் அடங்கும் என்று நம்புங்கள். 9000 பைட் ஜம்போ பெக்கட் வந்தால் நெட்வேர்க் கார்ட் அதைப் பல பஃபர்களில் துண்டுதுண்டாக இறக்கி, கடைசித் துண்டில் மட்டும் 'முடிந்தது' என்ற பிட்டை வைக்கும். அதைக் கண்டும் காணாமல் விடுங்கள்.

2. முன்துண்டுகளை எறிந்துவிட்டு வால்துண்டை முழுப் பெக்கட் என்று மேலே அனுப்புங்கள். லினக்ஸ் 2.6.32.3 வரை இன்டெலின் இ1000 டிரைவர் இதைத்தான் செய்தது. வாலுக்குள் பொய்த் தலைப்பை ஒளித்து அனுப்பினால் ஃபயர்வோலை ஏய்க்கலாம். 2009 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயோஸ் மாநாட்டில் ஃபாபியன் யமகுச்சி இந்த ஓட்டையை விளக்கினார்.

3. வால்துண்டின் நீளத்தைப் பாராமலே, சரிபார்ப்புக்கான 4 பைட்டைக் கழியுங்கள். துண்டே 3 பைட் என்றால், குறியில்லாத 32 பிட் எண்ணில் விடை 429 கோடியைத் தாண்டும். அதே டிரைவரில் இப்படியொரு கழித்தல் கேர்னலையே விழுத்தக்கூடியது என்பதும் 2009இல்தான் வெளிவந்தது.

4. துண்டுகளை எண்ணாதீர்கள். லினக்ஸ் ஒரு பெக்கட்டை வைத்திருக்கும் எஸ்கேபஃப்பில் வழக்கமாக 17 துண்டுகளுக்கே இடம். பதினெட்டாவதையும் திணியுங்கள், பக்கத்து நினைவகம் நாசமாகும்.

5. 4096 பைட் நினைவகப் பக்கத்தில் 100 பைட் தரவு கிடந்தால், நினைவகச் செலவு 100 என்றே எழுதுங்கள். கலியாண வீட்டில் ஆறு பேர் ஒன்றாக உண்ணும் சகன் தட்டில் இரண்டு பேரை இருத்திவிட்டு, 'மூன்றில் ஒரு பங்குச் சாப்பாடுதான் போனது' என்று கணக்குச் சொல்வது போலத்தான். கேர்னல் உங்களை நம்பி இன்னும் இன்னும் வாங்கிப்போடும். நினைவகம் சத்தமில்லாமல் தீரும்.

இதிலெல்லாம் மனம் ஒப்பவில்லையா? இ1000க்கு வந்த திருத்தம் சில வரிகள்தான்: ஒரு துண்டை எறிந்தால், முடிவுப் பிட் வரும்வரை மீதியையும் எறி. முழுப் பெக்கட் தொலைந்தால் டிசிபி திரும்ப அனுப்பும். அரைப் பெக்கட்டை முழுசென்று நம்பவைத்தால் அதைத் திருத்த மேலே யாருமில்லை.