மூன்று ஸ்லாட், நான்கு கார்டு

கேள்வி: செகண்ட் ஹேண்டில் சர்வர் வாங்கினேன். ஸ்லாட் மூன்றுதான். நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு, என்விஎம்இ கார்டு இரண்டு... நான்கையும் எப்படிப் பொருத்துவது?
– வாசகர், சுந்தரபாண்டியபுரம்

பதில்: சூரியகாந்தி பார்க்க ஊரே திரண்டு வரும் உங்கள் ஊரிலிருந்து சர்வர் கேள்வி! மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ இயங்கும் வட்டாரமாயிற்றே, வரத்தானே வேண்டும்!

முதலில், ஸ்லாட்டின் நீளத்தை நம்பாதீர்கள். 16 லேன் நீளம் இருக்கும், உள்ளே 8 லேன்தான் இணைத்திருப்பார்கள். மதர்போர்டு கையேடுதான் உண்மை சொல்லும்.

என்விஎம்இ ஒன்றுக்கு 4 லேன் போதும். பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்குச் சுமார் 1 ஜிபி கடத்தும். ஆகவே முழு 16 லேன் ஸ்லாட் ஒன்றிலேயே, ஒரு அடாப்டர் கார்டு வழியாக, நான்கு என்விஎம்இ அமரும். உங்கள் இரண்டையும் அதில் வைத்தால், மற்ற இரு ஸ்லாட்டுகள் நெட்வொர்க்குக்கும் ரெய்டுக்கும். பயாஸில் ஸ்லாட்டின் லேன்களைப் பிரிக்கும் ‘பைஃபர்கேஷன்’ வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தருவியில் ஒரே ஆறு ஐந்தாகப் பிரிந்து விழவில்லையா? அதேதான். அந்த வசதி இல்லையென்றால் ஸ்விட்ச் சிப் வைத்த கார்டு வாங்குங்கள். வேலை நடக்கும், விலைதான் கடிக்கும்.

இரண்டு பிராசஸர் போர்டா? இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதோடு இணைந்த ஸ்லாட்டுகள் உயிரற்றவை. கார்டுதான் பழுது என்று நினைத்து, நல்ல கார்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்!

கிரிப்டோ மைனிங்குக்கு விற்கும் ரைசர் கேபிள் வேண்டவே வேண்டாம். அதில் ஒரே லேன்தான்.