காதில் வில்லை, காலில் புழு

2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் கால்நடைத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோதே, மாட்டு நோயான கோமாரிக்கு நாள் குறித்தாயிற்று. 2025க்குள் கட்டுப்பாடு, 2030க்குள் ஒழிப்பு. ஐந்தாண்டுச் செலவு 13,343 கோடி ரூபாய். கிருமிக்கு மட்டும் அழைப்பிதழ் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மாட்டின் காதைத் துளைத்து 12 இலக்க எண் போட்ட மஞ்சள் வில்லையை மாட்டினார்கள். வில்லை இருந்தால்தான் ஊசி கணக்கில் ஏறும். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பி வருகிற கிழவியின் மாட்டுக்கு நின்ற இடத்திலேயே ஆதார்!

சரி, மருந்து? 2020ல் தடுப்பூசி தரச்சோதனையில் தேறவில்லை. முகாமை நிறுத்துங்கள் என்று டில்லியே மாநிலங்களுக்குச் சொன்னது. கோமாரி ஊசியின் பலம் ஆறு மாதம் ஓடினால் பெரிது. ஒரு சுற்று விட்டுப்போனால் முன்பு போட்டதும் தண்ணீரில் போட்டதுதான். 2021 மழைக்காலத்தில் தமிழ்நாட்டுத் தொழுவங்களுக்குள்ளும் கோமாரி புகுந்தது. தரமில்லாத மருந்தைக் காசு கொடுத்து வாங்கிய கை எது? அந்தக் கைக்கு வில்லை மாட்ட யாருக்கும் தோன்றவில்லை.

கோமாரி கண்ட மாட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அதிகாரிகளே. வாயில் நூல்நூலாக எச்சில் ஒழுகும். நாக்குத் தோல் உரிந்து, வைக்கோலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குளம்பு இடுக்கில் புழு நெளியும். மடியில் பால் வற்றிவிடும், மாட்டுக் கடனின் தவணை வற்றாது. காதில் வில்லை மட்டும் பளபளவென்று இருக்கும். கணினியைத் தட்டினால் ‘தடுப்பூசி போடப்பட்டது’ என்று வரும். கணினிக்குக் கோமாரி வராது, உண்மைதான்.

வெக்கை என்ற மாட்டு நோயை இதே நாடு ஒழித்துக் காட்டியது. 1995க்குப் பிறகு இந்தியாவில் அது தலைகாட்டவில்லை. உலகத்தை விட்டே போயிற்று என்று 2011ல் அறிவித்தார்கள். எந்த மாட்டுக்கும் அன்று ஆதார் இல்லை. கோமாரி அதைவிடப் பொல்லாதது, ஒப்புக்கொள்கிறேன்: ஓ, ஏ, ஆசியா-1 என்று இங்கே மூன்று வகை, ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. அப்படியானால் மருந்தின் தரத்தில் அல்லவா முதல் கண் இருக்க வேண்டும்?

மாட்டின் எண்ணைக் கேட்டது போதும். இந்தச் சுற்று மருந்தின் தொகுதி எண் என்ன, சோதனையில் தேறியதா, போட்ட மாடுகளின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறியது? கால்நடை மருந்தகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பசை வாங்கக் காசில்லை என்றால் சொல்லுங்கள், சாணம் நாங்கள் தருகிறோம்.