மருமவனே, அந்த 'இதர செலவு' யாருவே?

வாரும்வே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். நிர்வாக அறங்காவலர்னு லெட்டர்பேடுல போட்ட பொறவு ஒம்மை வா, போன்னு கூப்பிட நாக்கு கூசுது.

ஒம்ம டிரஸ்டோட ஆண்டறிக்கை வந்து சேந்துச்சு. வழுவழுன்னு நல்ல தாளு. மூக்குக்கண்ணாடி போடாமலே முடிச்சுட்டேன், எல்லாம் படம்லா. ஒண்ணுல குத்துவிளக்கு ஏத்துதீரு, ஒண்ணுல பிள்ளையளுக்கு நோட்டு குடுக்கீரு, ஒண்ணுல மரக்கன்னு நடுதீரு. ஒரே கன்னை ரெண்டு படத்துல ரெண்டு பேரு நடுத மாதிரி தெரிஞ்சுச்சு, என் கண்ணுல பொரை விழுந்திருக்கும். கணக்கு எங்கன்னு தேடுனா, கடைசிப் பக்கத்துல, அச்சகத்துக்காரன் பேருக்கு மேல நாலு வரி. வரவு, கல்விப் பணி, இதர செலவு, இருப்பு. முடிஞ்சுபோச்சு.

அந்த இதர செலவு யாருவே? நம்ம ஊருக்காரன்தானா? நாலு வரியில அவன்தான் நல்லாச் சாப்பிட்டுத் தடிச்சுப் போய் இருக்கான்.

நம்ம அம்மன் கொடைக் கமிட்டியில பெரிய படிப்புப் படிச்சவன் எவனும் கெடையாது. ஆனா எட்டாம் கொடை முடிஞ்ச கையோட நோட்டீஸ் அடிச்சு வீடுவீடாக் குடுத்தாகள்லா, பாத்தீரா? தலைக்கட்டு வரி யாரு குடுத்தா, யாரு பாக்கி. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், பந்தல், மைக்செட்டு எல்லாம் தனித்தனி. எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒரு வரி. அதையும் விடாம டீக்கடையில வச்சுக் கிழிச்சானுவ: "எலுமிச்சம்பழம் சாமிக்கா, கமிட்டிக்காரன் சோடாவுக்கா?" கிழிச்சவன்தான் அடுத்த வருஷம் மொத ஆளா வரி குடுத்தான். ஒம்ம கணக்கை இதுவரை ஒருத்தனும் கிழிக்கல. மரியாதைன்னு நெனச்சுக்கிட்டீரு. குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கான்வே, அதான் வாயத் தொறக்கல.

"சர்க்காருக்கு ஒழுங்கா ரிட்டர்ன் போடுதோம் மாமா, ஆடிட்டர் பாக்காரு"ம்பீரு. போடும். போட்டுத்தான் ஆகணும். ஆனா வருமான வரிக்குப் போட்ட ரிட்டர்ன் சர்க்காரு கம்ப்யூட்டருக்குள்ள கெடக்கும். பத்து ரூவா குடுத்த பால்காரன் போயி எட்டிப் பாக்க முடியுமா? கம்பெனிச் சட்டத்துல 8-ம் பிரிவுல பதிஞ்சவுகளுக்காவது வேற கதை. 100 ரூவா கட்டுனா எவனும் அவுக கணக்கை கம்பெனி விவகார அமைச்சகத்தோட இணையதளத்துல பாத்துக்கிடலாம். டிரஸ்டுக்கு அப்படி ஒரு சன்னல் கெடையாது. ஒம்மளா தொறந்தாத்தான் உண்டு.

இன்னொண்ணு. அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருக்கீரே, "உங்கள் நன்கொடை 100 சதவீதமும் குழந்தைகளுக்கே". அப்ப ஆடிட்டருக்கு யாருவே பீஸ் குடுத்தா? சாயங்காலம் டியூஷன் நடக்குத கொட்டகைக்குக் கரண்டு பில்லை மின்மினிப்பூச்சியா கட்டுச்சு? பாடம் சொல்லிக்குடுக்க வாற அந்தப் பிள்ளை, பி.எட். முடிச்சது, அதுக்குச் சம்பளம்னு ஒரு வரி போட ஒமக்கு வெக்கம். சேவைன்னு சொன்னவன் சம்பளம் குடுத்தா ஊரு என்ன சொல்லுமோன்னு பயம். வெக்கப்பட்ட வாடகை, பயந்த சம்பளம், ஒளிஞ்ச பில்லு எல்லாம் சேந்துதான் அந்தத் தடியன் இதர செலவு. அவன் மடியைத் தடவுனா இந்த வழுவழுத் தாளுக்கு அச்சுக்கூலியும் வரும். வருமா வராதா, நீரே சொல்லும். நிர்வாகச் செலவு கெட்ட வார்த்தையாவே? வெளிநாட்டுத் துட்டு விசயத்துல அம்புட்டு கெடுபிடி பண்ணுத சட்டமே, 2020-ல நிர்வாகச் செலவு வரம்பை 50 சதத்துலேர்ந்து வெட்டி 20 ஆக்குச்சே தவிர, சுழின்னு ஆக்கல. சர்க்காருக்குத் தெரியுது, பெருக்குத மாரியம்மைக்கும் வவுறு இருக்குன்னு.

மிச்சம் இருந்தா அதையும் ஒளிக்காதீரும். வருமானத்துல 85 சதம் அந்த வருஷம் செலவழிக்கணும், 15 சதம் வச்சுக்கிடலாம்னு சட்டமே வழி விட்டிருக்கு. மூணு மாசச் சம்பளம் கையில இருக்குன்னு எழுதுனா கொறைச்சலா? குடுக்குதவன் அதைப் பாத்துத்தான்வே, இவன் ஆடியில கடையப் பூட்டமாட்டான்னு நம்புவான்.

அப்புறம் அந்த "பெயர் சொல்ல விரும்பாத அன்பர்". வருஷா வருஷம் வாறாரு, வருஷா வருஷம் வளருதாரு. அம்மன் உண்டியல் பேரு கேக்காது, கோயிலோட கத வேற. ஒம்மளை மாதிரி தர்ம டிரஸ்டுக்காரன் பேரு விலாசம் இல்லாம வாங்குனா, மொத்த நன்கொடையில 5 சதம், இல்ல ஒரு லட்சம், இதுல எது பெருசோ அதுக்கு மேல போன துட்டுக்கு 30 சதம் வரி. அந்த அன்பரு நீருதான்னா பேரைப் போட்டுத் தொலையும்.

வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது குடுக்கீருன்னா, துட்டு குடுத்தவுக பட்டியலை மே 31-க்குள்ள வரித் துறை இணையதளத்துல ஏத்திப்புடும். பிந்துனா நாளுக்கு 200 ரூவா. 2,000-க்கு மேல ரொக்கமாக் குடுத்தவனுக்கு அந்தக் கழிவு கெடையாது, புது வரி முறைக்குப் போனவனுக்கும் கெடையாது. இதை முன்னாடியே சொல்லிப்புடும், இல்லன்னா பொறவு துட்டு குடுத்த வாத்தியாருமாரு ஒம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாக. ரசீதுக் கட்டையெல்லாம் 10 வருஷத்துக்கு வச்சிருக்கணுமாம், கரையான்கிட்ட சொல்லி வையும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரன் விசயம் கேட்டீருல்லா. சிங்கப்பூருல இருக்க ஒம்ம சித்தப்பன் மவன் இன்னும் நம்ம பாஸ்போர்ட்டுதான். தன் சம்பாத்தியத்தை பேங்கு வழியா அனுப்புனா பிரச்சினை இல்ல. கனடாவுல இருக்க சொந்தக்காரன் அந்த ஊரு குடியுரிமை வாங்கிட்டான். காதுகுத்துக்கும் சடங்குக்கும் அவன் ஒமக்கு அண்ணன்தான்; டிரஸ்டுக்குத் துட்டு குடுத்தா வெளிநாட்டான். லீவுல வந்து நம்ம ஊரு ரூவாய டவுசர்லேர்ந்து எடுத்து நீட்டுனாலும் அதே சட்டம்தான். அந்தத் துட்டை வாங்கத் தனிப் பதிவு வாங்கணும். டிரஸ்டு தொடங்கி மூணு வருஷம் ஆயிருக்கணும், கடைசி மூணு வருஷத்துல 15 லட்சம் செலவழிச்சிருக்கணும். டெல்லி ஸ்டேட் பேங்குல, நாடாளுமன்றத் தெருக் கிளையில கணக்கும் தொறக்கணும். ஒம்ம வேகத்துல 15 லட்சத்துக்கு இன்னும் எத்தனை மரக்கன்னு நடணுமோ.

ஒண்ணு செய்யும். பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்தி ஒரே ஒரு தாளு, சாதாத் தாளு, கொட்டகைச் சுவத்துல ஒட்டும். இந்த மாசம் வந்தது இவ்வளவு, யாரு குடுத்தா. போனது இவ்வளவு, சம்பளம், வாடகை, சுண்டல். இருக்கது இவ்வளவு. அந்தப் பிள்ளையள விட்டே கூட்டச் சொல்லும். எட்டாங் கிளாஸ் பய தப்புக் கண்டுபிடிச்சா டியூஷன் நடக்குதுன்னு அர்த்தம்.

நானும் 3,000 தாறேன். ரொக்கமா இல்ல, பேத்திய விட்டு ஜிபேயில போடச் சொல்லுதேன். எனக்கு எங்கவே வருமானம் இருக்கு, 80ஜி எதுக்கு? ஆனா ரசீது வேணும், இனிஷியலோட, இன்னைக்கே. டீக்கடையில ஒம்மளக் கிழிக்கணும்னா கையில ஒரு ஆதாரம் வேண்டாமா?