அனுமார் முதல் கொய்னா வரை: ஒரு சுமைகூலி வரலாறு

மருந்தை நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலில் இலங்கைக்கு மிகப் பழைய அனுபவம் உண்டு. முதல் ஒப்பந்தக்காரர் அனுமார். வானரப்படை களத்தில் விழுந்து கிடக்கிறது. கிழவர் ஜாம்பவான் நாலு மூலிகையின் பெயரைச் சொல்லி அவரை இமயத்துக்கு அனுப்புகிறார். போன இடத்தில் எது சஞ்சீவி, எது வெறும் பச்சிலை என்று பிடிபடவில்லை. ஆள் வருவதைக் கண்டு மூலிகைகளே ஒளிந்துகொண்டன என்று எழுதி வால்மீகி அனுமாரின் மானத்தைக் காப்பாற்றுகிறார். நாமும் நம்பிவிடுவோம். ஆக, நாலு செடிக்காக ஒரு முழுச் சிகரம் பெயர்ந்து வந்தது. மருந்து ஒரு கைப்பிடி, சுமை ஒரு மலை. மருந்தியல்காரர்கள் இன்றைக்கும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

வந்த மருந்தை அரைக்கவும் இல்லை, புகட்டவும் இல்லை. காற்றில் வந்த வாசனைக்கே படை எழுந்து உட்கார்ந்தது. அப்படியானால் அதே களத்தில் செத்துக் கிடந்த அரக்கர்களும் எழுந்திருக்க வேண்டுமே? எழவில்லை. சாவுக் கணக்கு எதிரிக்குத் தெரியக்கூடாது என்று தன் ஆட்களின் பிணங்களையெல்லாம் உடனுக்குடன் கடலில் வீசச் சொல்லியிருந்தான் இராவணன். வேண்டியவர்மேல் மட்டும் வேலை செய்து வேண்டாதவரை விட்டுவிடும் மருந்து வேண்டும் என்று இப்போது உலகமெங்கும் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அந்த ஏற்பாட்டை எதிராளியே இலவசமாகச் செய்து கொடுத்த ஒரே சம்பவம் இதுதான்.

தூக்கி வந்த மலையில் ஒரு துண்டு நுவரெலியாவுக்குப் பக்கத்தில் விழுந்தது, அதுதான் ஹக்கலை என்பது எங்கள் பக்கத்துக் கதை. சீதையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெலிமடைப் பாதையில் கொஞ்சத்தூரம் போனால் அந்தப் பாறை தெரியும். அதன் அடிவாரத்தில் 1861இல் வெள்ளைக்காரர்கள் ஒரு மருந்துத் தோட்டம் போட்டார்கள். இராமாயணம் படித்துவிட்டு அல்ல. ஐயாயிரம் அடிக்கு மேலே குளிரும் மழையும் மூடுபனியுமாக இருந்த அந்த இடம், அந்தீஸ் மலையில் திருடிய ஒரு மரத்துக்கு ஒத்துவரும் என்று கணக்குப் போட்டார்கள்.

திருட்டு என்பதைச் சபை நாகரிகம் கருதி 'அறிவியல் பயணம்' என்று எழுதுவது வழக்கம். சிங்கோனா மரத்தின் பட்டையில் குயினைன் இருக்கிறது, அது மலேரியாக் காய்ச்சலை அடக்கும். 1820இல் பெல்த்தியே, கவான்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பட்டையிலிருந்து பிரித்துவிட்டார்கள். மரம் மட்டும் தென்னமெரிக்காவில். வெப்ப நாடுகளையெல்லாம் ஆள வேண்டும், காய்ச்சலில் சாகவும் கூடாது என்றால் அந்த மரம் கைக்கு வரவேண்டும். லண்டனில் இந்தியா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1859இல் கிளம்பினார். பெருவின் காட்டில் கன்றுகளைப் பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். செங்கடல் வெயிலில் அவை வெந்து, போய்ச் சேர்ந்த கொஞ்சமும் கருகிப்போயின. எக்குவடோரில் நோயால் நிற்கக்கூட முடியாத உடம்போடு கிடந்த ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் உலர்த்தி அனுப்பிய ஒரு லட்சம் விதைகள்தான் ஊட்டிக்கும் ஹக்கலைக்கும் வழிகாட்டின. வீரப்பயணத்தின் புகழ் மார்க்கத்துக்குப் போனது. பிழைத்த விதைகள் ஸ்ப்ரூஸினுடையவை. அனுமாரின் மீது இமயம் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. அந்தீஸ் நாடுகளுக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு.

மரம் வந்துவிட்டது. வாங்கத்தான் ஆளில்லை. பேராதனைத் தோட்டத்தின் தலைவர் துவைற்ஸ் கன்று கொடுக்கத் தயாராக இருந்தார். கோப்பித் துரைமார் அவரை வீடு வீடாக மண்புழு விற்க வந்தவரைப் போலப் பார்த்தார்கள். கோப்பியில் காசு கொட்டும்போது கசப்புப் பட்டை யாருக்கு வேண்டும்? லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் நட்டுப் பார்த்தார்கள். 1872இல் நாடு முழுவதும் சிங்கோனா 500 ஏக்கர்தான்.

இடையில் எமிலி வந்தாள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத துரைமார் 'நாசகார எமிலி' என்று சுருக்கிக்கொண்டார்கள். பதினைந்து இருபது வருடத்தில் எமிலி கோப்பிச் சாம்ராச்சியத்தைத் தின்று ஏப்பம் விட்டாள். அப்போதுதான் துரைமாருக்கு மனித குலத்தின் காய்ச்சல் மீது திடீரென்று கருணை பிறந்தது. 1883க்குள் 64,000 ஏக்கரில் சிங்கோனா. லயத்துச் சனம் அதைக் 'கொய்னா' என்றது. இந்த மகத்தான பொருளாதார மாற்றங்களை, காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று கேட்டால் இப்படித்தான் இருந்திருக்கும்:

"கங்காணி, கோப்பியப் புடுங்கு. கொய்னா போடு."

"சரிங்க தொரை."

கொஞ்ச வருடம் கழித்து:

"கங்காணி, கொய்னாவப் புடுங்கு. தேயில போடு."

"சரிங்க தொரை."

இரண்டாவது பிடுங்கலுக்குக் காரணம் பூஞ்சை அல்ல, பேராசை. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள், ஒரே நேரத்தில் உரித்தார்கள், ஒரே நேரத்தில் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1880களின் நடுவில் வருடம் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை போனது. 1880 வாக்கில் அவுன்ஸ் 12 ஷில்லிங் விற்ற குயினைன் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒன்றிரண்டு ஷில்லிங்குக்கு இறங்கியது. மிச்ச ஆட்டத்தை ஜாவாவில் டச்சுக்காரர்கள் முடித்தார்கள். அவர்களிடம் இருந்தது குயினைன் பல மடங்கு அதிகமுள்ள வேறு இனம். அதன் விதையைப் பொலிவியக் காட்டில் பொறுக்கியவர் மானுவெல் இன்க்ரா மமானி என்ற ஐமாரா இனத்தவர். அவருடைய முதலாளி சார்ள்ஸ் லெட்ஜர் 1865இல் அதை ஆங்கிலேயருக்கு விற்கப் பார்த்தார், வேண்டாமென்றார்கள். டச்சுக்காரர்கள் ஒரு இறாத்தலை நூறு பிராங்குக்கு வாங்கினார்கள். மமானியைப் பின்னாளில் பொலிவியாவில் பிடித்து அடித்தார்கள், அதனாலேயே செத்துப்போனார். மரத்துக்கு வைத்த பெயர் லெட்ஜரியானா. சுமந்தவன் பெயர் சரக்கில் எழுதப்படுவதில்லை என்பதற்கு எங்கள் மலையில் கேட்டால் இன்னும் நூறு சாட்சி சொல்வார்கள்.

இதிலுள்ள பெரிய வேடிக்கை உயரம். கொய்னா வளரும் குளிரில் மலேரியா நுளம்பு தங்காது. நுளம்பு தங்கும் பள்ளத்தில் கொய்னா வளராது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம். திருநெல்வேலியிலும் மதுரையிலும் திருச்சியிலும் இருந்து கிளம்பி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை வன்னிக் காட்டு வழியே நடந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார் காய்ச்சலிலும் கொலராவிலும் பாதையோரம் சாய்ந்தார்கள். தப்பி மேலே ஏறியவர்கள் அந்தக் காய்ச்சலின் மருந்தை உரித்துச் சாக்கில் கட்டிக் கீழே இறக்கினார்கள். சாக்கு அவர்கள் வந்த பாதைக்குத் திரும்பிப் போகவில்லை, கொழும்பு வழியாக லண்டனுக்குப் போனது.

1934இல் மழை பொய்த்தது. களனி, மகாஓயா, தெதுருஓயா எல்லாம் குட்டைகளாகச் சுருங்க, நுளம்புக்கு வேட்டை. மலையடிவாரத்தில் கேகாலை, குருநாகல் பக்கம் ஊரே படுத்தது. 1935க்குள் சுமார் 80,000 பேர் செத்தார்கள். ஒரு காலத்தில் உலகச் சந்தையைப் பட்டையால் மூழ்கடித்த தீவு, குயினைனுக்கு அடுத்தவன் கையைப் பார்த்து நின்றது. கிராமம் கிராமமாக மருந்து சுமந்தவர்களில் இடதுசாரி இளைஞர்கள் முன்னால் நின்றார்கள். சனம் காய்ச்சலோடு பட்டினியிலும் கிடந்ததால் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க மார்மைட் என்ற சத்துப் பசையை உருண்டையாக உருட்டினார். வைத்தியர் வீட்டுக் குளிகை மாதிரி இருந்ததால் சனம் கேள்வி கேட்காமல் விழுங்கியது. பருப்பு பகிர்ந்த என். எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தயா' என்ற பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் நிதியமைச்சராக அவருக்கு இவ்வளவு அன்பான பட்டம் கிடைக்கவில்லை.

சரி, குயினைன் நோயாளியின் வாய்க்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு? செங்குருதிக் கலத்துக்குள் மலேரியாக் கிருமி உட்கார்ந்து ஈமோகுளோபினைத் தின்றுகொண்டிருக்கிறது. குயினைன் சின்ன மூலக்கூறு. மின்னேற்றம் இல்லாத நிலையில் கொழுப்பாலான கலமென்சவ்வைக் கேட்டுக் கேள்வியில்லாமல் தாண்டிவிடும். கிருமியின் உணவுப் பைக்குள் அமிலம். அங்கே போனதும் குயினைன் ஒரு புரோத்தனைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றம் பெறும், பிறகு வெளியே வர முடியாது. இப்படியே சேர்ந்து சேர்ந்து, கிருமி தன் சாப்பாட்டின் நச்சுக் கழிவைப் படிகமாக்கி ஒதுக்க விடாமல் தடுக்கிறது என்பதே பொதுவான விளக்கம். தின்றதே கிருமிக்கு நஞ்சாகிறது. சுமைகூலி தேவைப்படாத மருந்து இது.

இக்காலப் புது மருந்துகள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மரபணுத் துண்டு, ஆர்.என்.ஏ., புரதம் எல்லாம் பெரிய உடம்பு, மேலெல்லாம் மின்னேற்றம். கலம் என்பது துரை பங்களா. தப்பால் பையை ஆட்டிக்கொண்டு போனால் முன்வாசலில் யாரும் விடமாட்டார்கள். அதற்காகவே பொலிமர். ஒரே வகைச் சின்ன மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒரு சங்கிலியில் மருந்தையும், நீரில் கரைய வைக்கும் பகுதியையும், வழிதெரிந்து போக உதவும் பகுதியையும் தொங்கவிடலாம் என்று ஜெர்மனியின் ஹெல்முட் ரிங்ஸ்டோர்ஃப் 1975இலேயே படம் போட்டுக் காட்டினார். 1995இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஷான்-போல் பேர் கூட்டத்தினர் பொலியெதிலீனிமைன் என்ற நேர்மின் சங்கிலியில் டி.என்.ஏ.வைச் சுருட்டி அனுப்பினார்கள். பங்களா அந்த மூட்டையை ஒரு பைக்குள் போட்டு உள்ளே இழுக்கும், பையில் அமிலத்தை ஏற்றும். சங்கிலி புரோத்தன்களை உறிஞ்சிக்கொண்டே போக, பை தண்ணீர் கோத்து வீங்கி வெடிக்கும், மருந்து வெளியே கொட்டும் என்பது அவர்களுடைய கருத்து. அது சரியா என்று இன்னும் சண்டை நடக்கிறது. சண்டையே இல்லாத விடயம், இந்தச் சங்கிலி சில நேரம் தப்பாலைக் கொடுத்துவிட்டுத் துரையையும் கொன்றுவிடும்.

பையிலிருந்து தப்புவதுதான் கண்டம். கொழுப்புத் துணிக்கையில் வைத்து அனுப்பிய சிறு ஆர்.என்.ஏ.யில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் தப்பி வேலைக்குப் போகிறது என்று 2013இல் அளந்து சொன்னார்கள். இப்படிப்பட்ட வரவுக் கணக்கோடு ஒரு கங்காணி பிரட்டுக்கு வந்திருந்தால் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும்.

இந்த இடத்தில் பழைய கொய்னா மறுபடி தலைகாட்டுகிறது, வேறு உத்தியோகத்தில். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தெரேசா ரைனெக்கியின் குழு 2020இல் குயினைனையே சங்கிலியில் கோத்து ஒரு பொலிமர் செய்தது. குயினைன் டி.என்.ஏ.யோடு ஒட்டும், ஊதாக்கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். இரண்டு குணமும் கைகொடுத்தன. மூட்டையைச் சுமப்பதும் அதுவே, மூட்டை எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுப்பதும் அதுவே. கலத்துக்குள்ளே இருக்கும் புரதங்கள்தான் மூட்டையை அவிழ்க்க உதவுகின்றன என்று அதைப் பின்தொடர்ந்து கண்டுகொண்டார்கள். இருநூறு வருடம் சரக்காகச் சவாரி செய்த கொய்னா இப்போது சுமக்கிறது.

தேயிலை மட்டும் சும்மா இருக்குமா? 2014இல் சிங்கப்பூரில் பச்சைத் தேயிலையின் கற்றேச்சினை எடுத்துப் பொலிமரோடு இணைத்து, ஹெர்செப்டின் என்ற புற்றுநோய்ப் புரத மருந்தை அதில் பொதிந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். வாயில் துவர்ப்பாக ஒட்டுகிறதே, அந்தக் குணந்தான் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெறும் மருந்தைவிட இது கட்டியை நன்றாக அடக்கியது. மருந்தைவிடக் கனமான வண்டியை உடம்பில் ஏற்றுவானேன், வண்டியே மருந்தாக இருக்கட்டும் என்பது அவர்கள் யோசனை. அனுமார் கேட்டிருந்தால் தோளைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டிருப்பார்.

இதைப் படித்துவிட்டு எந்தத் துரையாவது கங்காணியைக் கூப்பிடுமுன் ஒன்று சொல்லிவிடலாம். எங்கள் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி உருட்டிப் புளிக்க வைக்கும்போதே கற்றேச்சின்களில் பெரும்பகுதி ஒன்றோடொன்று கோத்துக் கறுப்புத் தேநீரின் நிறமாகவும் கனமாகவும் மாறிவிடும். அந்த வேலையை நிறுத்தினால்தான் அந்த மருந்துச் சரக்குக் கிடைக்கும், நிறுத்தினால் இலங்கைத் தேயிலை என்ற பெயரே இருக்காது. குயினைனும் ஆய்வுகூடத்துக்கு ஒரு சின்னப் போத்தல் போதும், அதற்காக 64,000 ஏக்கரைப் பிடுங்க வேண்டாம். ஆனால் ஒரு துறை இன்னும் காலியாகவே கிடக்கிறது. எங்கள் தோட்டங்களின் மேல்பிரிவுகளான மேற்கணக்குகளில் மருந்தை நோயாளியிடம் கொண்டுபோவதில்லை, நோயாளியைத்தான் மருந்திடம் கொண்டுபோகிறோம், தோட்டத்து லொறியில், மழைக்குக் கரைந்த பாதையில், பின்பலகையைப் பிடித்துக்கொண்டு. மினசோட்டாவில் இதற்கு இன்னும் யாரும் ஆராய்ச்சிப் பணம் கேட்கவில்லை.