வெஸ்ட் ஹாம் சம்பந்தமாக ஒரு மனு

அனுப்புநர்: ஈஸ்ட் ஹாம் வாசி ஒருவர், கிழக்கு லண்டன்.

பெறுநர்: தலைமை நிலையம், கன்சர்வேடிவ் கட்சி, லண்டன்.

பொருள்: முன்னாள் பிரதமர் திரு. டேவிட் கேமரன் 2015இல் பேசியதை ‘வாய் தவறியவை’ பட்டியலிலிருந்து நீக்கி, ‘கொள்கை அறிவிப்பு’ பட்டியலில் சேர்க்கக் கோருதல்.

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

2015 ஏப்ரல் 25. பொதுத் தேர்தலுக்கு 12 நாள்தான் இருந்தது. குரொய்டனில் சிறுபான்மை மக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த திரு. கேமரன், யாரும் எந்தக் கால்பந்து அணியையும் ஆதரிக்கலாம், ஆனாலும் வெஸ்ட் ஹாமை ஆதரித்தால் தமக்கு நல்லது என்கிற தொனியில் ஒரு வார்த்தையை விட்டார். அதுவரை அவர் ஆஸ்டன் வில்லா ரசிகர் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவர். அவருடைய மாமா சர் வில்லியம் டக்டேல் அந்தக் கிளப்பின் தலைவராகவே இருந்தவர். நாடே சிரித்தது. மூளை சற்று மங்கிவிட்டது என்று அவரும் சமாளித்தார். இரண்டு கிளப்புக்கும் ஒரே அரக்கும் நீலமும் கலந்த சட்டை என்பது மட்டும் அவருக்குச் சாதகமான சாட்சி.

மனுதாரருக்கு அந்தச் சாட்சியே தேவையில்லை. திரு. கேமரன் தவறிப் பேசவில்லை; கட்சியின் மனதில் இருந்ததைத்தான் பேசினார்.

முதலில் மைதானம். 2012 ஒலிம்பிக்குக்காக மக்கள் பணத்தில் எழுந்த அரங்கத்தை வெஸ்ட் ஹாம் கிளப்புக்குக் குத்தகைக்குக் கொடுப்பதாக 2013இல் அறிவித்தவர் அன்றைய லண்டன் மேயர் திரு. போரிஸ் ஜான்சன். குத்தகைக் காலம் 99 ஆண்டு. தொடக்கத்தில் வருட வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு. ஓட்டப் பந்தய அரங்கத்தைக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்ற ஆன செலவு 32 கோடி பவுண்டுக்கும் மேல். அதில் கிளப் போட்டது 1.5 கோடி. 2016இல் ஒப்பந்தம் வெளியே வந்தபோதுதான் மற்ற சங்கதிகள் தெரிந்தன. காவலுக்கு ஆள், மின்சாரம், புல்தரை, கோல் கம்பங்கள், ஏன், மூலையில் நடுகிற கொடிகள்கூட அரங்க உரிமையாளர் பொறுப்பாம். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தவர் பல்பு எரிந்துபோனால் தானே வாங்கி மாட்டிக்கொள்கிறார். மேயர் கொடுத்த வீட்டில் குடித்தனக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. எங்கள் நியூஹாம் நகர மன்றம் இதே திட்டத்துக்கு 4 கோடி பவுண்டு கடன் கொடுத்துவிட்டுக் கடைசியில் கைகழுவ நேர்ந்தது. அந்த மன்றம் லேபர் கட்சியுடையது என்பதை மனுதாரர் மறைக்கவில்லை. வரி கட்டியது மனுதாரர் என்பதையும் மறைக்கவில்லை.

கிளப் 1904 முதல் 2016 வரை ஆடிய அப்டன் பார்க் மைதானம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. முன்பெல்லாம் ஆட்ட நாளில் கிரீன் ஸ்ட்ரீட்டில் அரக்குச் சட்டைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் மளிகைப் பையோடு வீடு சேர முடியும். அந்தத் தொல்லை போய்விட்டது. தெருக்கடைகளின் வியாபாரமும் கூடவே போய்விட்டது.

இரண்டாவது, பட்டம். வெஸ்ட் ஹாமின் துணைத் தலைவர் கேரன் பிரேடிக்கு 2014இல் பிரபுக்கள் அவையில் இடம் கொடுத்தவர் யார்? சாட்சாத் திரு. கேமரன். வில்லாக்காரர் செய்கிற காரியமா இது?

எதிர்த்தட்டில் பரி நகரின் கால்பந்துக் கிளப்பை வைத்துப் பாருங்கள். 1885இல் தொடங்கியது. 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குக் கைமாறியது. புது உரிமையாளரால் பணம் காட்ட முடியாமல், 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அந்தச் சோகம் ஆறுவதற்குள் டிசம்பரில் தேர்தல் வந்தது. ரசிகர்கள் தலைமையில் கால்பந்து நிர்வாகம் ஆராயப்படும் என்று கட்சியின் தேர்தல் அறிக்கை வாக்குறுதி தந்தது. பரியின் இரண்டு தொகுதிகளும் கட்சிக்கே கிடைத்தன. வடக்குத் தொகுதியில் வித்தியாசம் 105 ஓட்டு. தெற்கில் ஜெயித்தவர் 2022 ஜனவரியில் லேபர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பரியின் ஜிக் லேன் மைதானத்தை ரசிகர்கள் மீட்க, பிறகு கன்சர்வேடிவ் அரசு 10 லட்சம் பவுண்டு கொடுத்தது உண்மைதான். 32 கோடிக்குப் பக்கத்தில் அதை எழுதிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

வாக்குறுதியின் கதை இன்னும் சுவையானது. 2021 ஏப்ரலில் 6 இங்கிலீஷ் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிப் போட்டிக்கு ஓடப் பார்த்தபோது, பிரதமராகிவிட்டிருந்த திரு. ஜான்சன் சட்டம் என்ற குண்டை வீசித் தகர்ப்பேன் என்று மிரட்டினார். கட்சியின் எம்.பி. டிரேசி க்ரௌச் தலைமையில் ஆய்வு நடந்தது. க்ரௌச் சூதாட்ட இயந்திரக் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டதற்காக 2018இல் அமைச்சர் பதவியை உதறியவர். சொன்னதைச் செய்கிற அபூர்வ ரகம். சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றார். 2024 மார்ச்சில் அன்றைய பிரதமர் திரு. சுனக்கின் அரசே அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தது. மே மாதம் அவரே தேர்தலை அறிவிக்க, மசோதா அந்தரத்தில் நின்றது. மறுநாள் அவர் வேல்ஸின் பாரி நகரில் ஒரு பீர் ஆலைக்குப் போய், கால்பந்தை ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா என்று தொழிலாளர்களைக் கேட்டார். வேல்ஸ் அந்த ஆண்டின் யூரோ கால்பந்துப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை.

ஆட்சி மாறியது. லேபர் அரசு அதே மசோதாவைத் தூசு தட்டி எடுத்தது. உடனே அது அரசின் அத்துமீறலாகிவிட்டது! பிரபுக்கள் அவையில் அதை விடாமல் எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் வெஸ்ட் ஹாமின் பிரேடி அம்மையார். 2025இல் மக்களவையிலும் கட்சி எதிர்த்தே வாக்களித்தது. ஜூலையில் அது சட்டமானது. பிரீமியர் லீக் அரசின் கை படாமல் வளர்ந்தது என்று வாதிட இடம் இருக்கிறது; மனுதாரர் அதைக் கேட்கத் தயார். ஆனால் அந்த வாதம் ஆட்சியில் இருக்கும்போது தூங்கி, எதிர்க்கட்சி வரிசைக்கு வந்ததும் கண் விழிப்பானேன்?

ரசிகர் விஷயத்தில் மட்டும் கட்சிக்குக் கை வைக்க என்றுமே தயக்கம் இருந்ததில்லை. அம்மையார் தாட்சர் காலத்தில், 1989 சட்டத்தின் மூலம், ஆட்டம் பார்க்கவே அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் கொடுத்த ஹில்ஸ்பரோ மைதானப் பேரிடர் பற்றிய அறிக்கைதான் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. டிக்கெட் வாங்கியவனைச் சோதிக்கலாம், கிளப்பை வாங்கியவனைச் சோதிக்கக் கூடாது.

எனவே, பொருளில் கண்ட திருத்தத்தைச் செய்து தருமாறு மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார். கால்பந்தில் அரசு தலையிடலாகாது என்பதே கட்சியின் நிலையான கொள்கை என்றால், அந்த மூலைக் கொடிகளுக்கான பில்லை இனி கிளப் அலுவலகத்துக்கே அனுப்பும்படி பிரேடி அம்மையாரிடம் ஒரு வார்த்தை சொல்லவும்.

இப்படிக்கு,
மனுதாரர்.

நகல்: ஜிக் லேன் மைதானம், பரி. மைதானம் மறுபடி திறந்துவிட்டதால் தபால் போய்ச் சேரும்.