ஓபிஆர் ஐயா

பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எதற்குள் நுழைந்தாலும் இப்படி ஓர் ஆசிரியர் இருப்பார். கழுத்தில் பெயரட்டை, தோளில் மடிக்கணினிப் பை, படமெடுக்கத் தயாராக நீட்டிய கைப்பேசி. நடந்த நிகழ்ச்சியை நாலைந்து படங்களோடு ஒரே பக்கத்தில் அடக்கும் அறிக்கைக்கு ஓபிஆர் என்று பெயர். ஓபிஆர் இல்லையென்றால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் மரநடு விழாவில் கன்று மூன்று முறை குழிக்குள் இறங்கி ஏறுகிறது. "ஐயா, தண்ணி ஊத்தவா?" "இருப்பா, பதாகை கோணலா இருக்கு!"

ஐயாவின் பள்ளிப் பெயரில் தோட்டம் உண்டு, சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. ஈப்போ விரிந்துகொண்டே வர, பள்ளி மட்டும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பொட்டலம் கொண்டுவரும் போஸ்லாஜு பையன், "லாடாங் மானா, சிக்கு?" என்று தோட்டத்தைத் தேடுவான். ஐயா எதிரே உள்ள கார் கழுவும் கடையைக் காட்டுவார்.

தோட்டம் போனதும் பிள்ளைகளும் குறைந்தார்கள். 150-க்குக் கீழே போனால் அது குறைந்த மாணவர் பள்ளி. 30-க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைக்க வேண்டியதுதான். ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கடிதங்கள் குறைவதில்லை. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்குப் போகும் அதே சூராட் இங்கேயும் வரும். அங்கே நூல்நிலையத்துக்கு ஒருவர், சாரணருக்கு ஒருவர், போதைத் தடுப்புக்கு ஒருவர். இங்கே எல்லாம் ஐயாதான். கிந்தா உத்தாரா மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி கூர்சுஸ் என்றால், எந்தப் பொறுப்புக்காக வந்திருக்கிறோம் என்று கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் அழைப்புக் கடிதத்தைப் புரட்டுவார். தேசியப்பள்ளி, சீனப்பள்ளி ஆசிரியர்களும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள். இடைவேளையில் கறிபாப் தட்டைச் சுற்றி மூவினமும் கூடி, தரவேற்றம் செய்யும்போது முடங்கிப்போகும் இணையத்தை அவரவர் மொழியில் திட்டும். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல ஓபிஆர் கிடைக்காது. பாவம், அதை மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை.

ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் ரத்து செய்தபோது ஐயா மகிழ்ந்தது உண்மை. முன்பு ஆண்டுக்கு ஒரு நடுக்கம். இப்போது வகுப்பறை மதிப்பீடு, அடைவுநிலை 1 முதல் 6 வரை, பாடத்துக்குப் பாடம். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி வைத்த நெத்திலிச் சம்பலுக்கு 5 கொடுத்தார். "ஏன் 6 இல்லை?" என்று அந்த அம்மாள் முறைத்தபோது, "6 போட்டா ஆதாரம் கேப்பாங்கம்மா" என்றார்.

ஐயாவின் பிழைப்புக்கு ஒரு முன்கதை உண்டு. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது வெள்ளைக்காரர் காலத்து 1923 தொழிலாளர் சட்டம். வாத்தியாருக்கு எங்கே போவது? பல தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியோ கங்காணியோதான் பாடம் சொன்னார்கள். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவரே பிற்பகலில் அனா ஆவன்னாவும் எழுதவைத்தார். அன்று கிராணி வாத்தியாரானார். நூறாண்டுக் கல்வி வளர்ச்சியில் வாத்தியார் கிராணியாகியிருக்கிறார்.

பழைய லயத்துச் சனங்களுக்கு, இவர் வாத்தியாரா கிராணியா என்ற சந்தேகம் என்றுமே வந்ததில்லை. அவர்களுக்கு வாத்தியார் என்றால் பாரம் நிரப்புகிறவர். பள்ளி விட்டதும், முன்னாள் பால்வெட்டுப் பாட்டி ஒருவர் பேரனோடு எஸ்டிஆர் உதவித்தொகைக்கு வந்து நிற்பார். ஐயா அலுக்காமல் நிரப்புவார். உண்மையைச் சொன்னால், அன்று அவர் செய்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும். முடித்ததும் கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். சமூக ஒத்துழைப்பு என்று ஒரு ஓபிஆர் பாக்கி.

"பாட்டி, அந்தத் தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"படம் எடுத்தா காசு வெரசா வருமா, வாத்தியாரய்யா?"

"எனக்கு வேலை வெரசா முடியும், பாட்டி. சிரிங்க."