சார்ஜ்மேன் கேமரா தேர்ந்தெடுக்கிறார்

ஆவடியிலிருந்து கோவில்பதாகைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, "வீட்டு விசேஷத்தை எடுக்க சுலபமா ஒரு வீடியோ கேமரா வாங்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் உடனே ஒரு வீட்டுக்கு வழி சொல்வார். தெருவுக்குத் தெரு அப்படி ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் டாங்க் ஃபேக்டரியில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் மடித்த பேப்பர், காதில் பேனா.

டாங்க் ஃபேக்டரி என்று ஊர் சொல்வது 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையை. 1965-ல் விஜயந்தா, பிறகு அஜேயா, பீஷ்மா என்று ராணுவ டாங்குகள் வெளியே வந்த இடம். அங்கே வேலைக்காலம் முழுவதும் கேஜ் வைத்து நட்டு போல்ட்டைப் பார்த்த கண், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாது. உள்ளங்கையில் அடங்கும் ஹாண்டிகேமையும் அந்தக் கண்ணால்தான் அவர் பார்ப்பார். "ரிஜெக்ட்" என்று சொல்வதில்தான் அவருக்கு இன்பம். பாஸ் போடுவதென்றால் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும்.

அப்படி ஒருவரின் கதை இது. அவர் பையன் தவழ ஆரம்பித்தபோதே, அவன் முதல் நடையைப் படமெடுக்க வேண்டும் என்று சார்ஜ்மேன் முடிவு செய்துவிட்டார். அது மினி-DV கேசட் புதிதாக வந்திருந்த காலம். அவர் ரிச்சி தெருவுக்கும் பர்மா பஜாருக்கும் நடந்து விலை விசாரித்து முடிப்பதற்குள், டேப் சிக்கும், ஹெட் தேயும் என்று யாரோ சொன்னார்கள். காத்திருந்தார். எட்டு சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் பதிவாகும் கேமரா வந்தது. நல்ல தரத்தில் ஒரு பக்கத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ரிஜெக்ட். அடுத்து ஹார்டு டிஸ்க். "சுத்துற பொருள் எதுவானாலும் ஒருநாள் நிக்கும் சார்." அதுவும் ரிஜெக்ட். கடைசியில் மெமரி கார்டு வந்தது. சுற்றாது, சிக்காது, தேயாது. 2010-ல் ஒருவழியாக வாங்கினார். முதல் நடைக்காகக் காத்திருந்த கேமராவில் பையன் மீசையோடு வந்து நின்றான். பத்தாம் வகுப்புப் பிரிவு உபசார விழா.

வாங்கிய கதை தனி. கடையில் ஒரு பெட்டியின் மேல் "2000 மடங்கு ஜூம்" என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு நியாயம்தான். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவது அறுபது மடங்கோ எழுபது மடங்கோதான். மிச்சமெல்லாம் இருக்கிற புள்ளிகளையே ஊதிக் காட்டும் வேலை. ஜூமை விட்டு மைக்கைப் பார், மங்கல் வெளிச்சத்தில் முகம் தெரிகிறதா பார், பேட்டரி சாப்பாட்டுப் பந்தி வரை வருமா பார் என்று அவர் சொல்வதெல்லாம் பொன்னான யோசனை. கார்டுக்கணக்கும் விரல்நுனியில் இருக்கும். முழு ஹை டெஃபனிஷனில் 16 ஜிபிக்குச் சுமார் இரண்டு மணி நேரம். கார்டின் மேல் வட்டத்துக்குள் 4 போட்டிருந்தால் நொடிக்கு 4 எம்பி, 10 போட்டிருந்தால் 10. பர்மா பஜாரில் அந்த வட்டத்துக்குள் எந்த எண்ணையும் அச்சடிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

கை ஆடினாலும் படம் ஆடக்கூடாதே? அதைச் சோதிக்க ஷேர் ஆட்டோவைவிடச் சிறந்த கருவி இந்தப் பக்கம் கிடையாது. கம்பியைப் பிடித்தபடி ஆவடி வரை எடுத்துக்கொண்டே போனார். ஆனால் ஆவடியில் பாதிச் சுவர்கள் பாதுகாப்புத் துறையுடையவை, படமெடுக்கத் தடை என்று பலகை வைத்தவை. முப்பது வருஷ ஒழுக்கம் சும்மா விடுமா? ஒவ்வொரு சுவர் வரும்போதும் கேமராவைத் தரையைப் பார்த்துத் திருப்பினார். அந்தச் சோதனைப் படத்தை இன்றும் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். பாதிக்கு மேல் டிரைவரின் செருப்பு. ஆனால் ஆடாத செருப்பு.

இவ்வளவும் "சுலபமான" கேமராவுக்காக என்பதை மறந்துவிட வேண்டாம். அவர் மனைவி ஒருநாள் அதைக் கையில் எடுத்தார். திரையைத் திறந்தால் தானே உயிர் வரும், கட்டைவிரலுக்குச் சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான் விஷயம்.

"ஏங்க, இதை அமுக்கினா போதுமா?"

"அப்படி அமுக்கக் கூடாது. முதல்ல வொயிட் பேலன்ஸ் என்னன்னு தெரிஞ்சுக்கோ."

அம்மையார் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான், அதற்குப் பிறகு தொடவே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் மகன் ஃபிளிப் என்ற குட்டிக் கேமராவைக் கொண்டுவந்து காட்டியபோது நடந்ததும் இதே கதை. 2007-ல் வந்தது அது. நடுவில் பெரிய சிவப்புப் பொத்தான், பக்கவாட்டில் நிமிர்த்தினால் கணினியில் செருகும் முனை. கார்டுகூடத் தேவையில்லை. சிஸ்கோ நிறுவனம் 2009-ல் ஐம்பத்தொன்பது கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2011-ல் இழுத்து மூடியது. சார்ஜ்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கத்துக்க என்ன இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார். மூடிய செய்தி வந்த அன்று அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை யாரும் படமெடுக்காதது நஷ்டம்.

மாமனாரின் எண்பதாம் கல்யாணத்துக்கு வருவோம். ஸ்டூடியோக்காரர் வேண்டாம் என்று சார்ஜ்மேன் சொல்லிவிட்டார். காலையிலேயே மண்டபத்தில் எல்லோருக்கும் வகுப்பு: கேமராவைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, குறுக்கே போகக் கூடாது, முகூர்த்தத்தில் ஃபேனை நிறுத்த வேண்டும், மைக்கில் இரையும். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பூட்டு தள்ளியிருந்து முதல் பத்து நிமிஷம் "கார்டு பூட்டியிருக்கிறது" என்று கேமரா சொல்லிக்கொண்டிருந்ததை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அதைச் சரிசெய்த பதற்றத்தில் சிவப்புப் பொத்தானை ஒரு தடவை கூடுதலாக அமுக்கியிருக்கிறார்.

அதிலிருந்து எல்லாம் தலைகீழ். எடுக்க ஆரம்பிக்கிறோம் என்று அமுக்கும்போது நின்றது. நிறுத்துகிறோம் என்று அமுக்கும்போது ஓடியது. மாலை மாற்றியது இல்லை. கலச நீர் ஊற்றியது இல்லை. தாலி கட்டியது இல்லை. ஆனால் தொங்கிய கையில் கேமரா ஆடிக்கொண்டே போன இடமெல்லாம் பழுதில்லாமல் பதிவாகியிருந்தது. மண்டபத்து மொசைக் தரை, சாம்பார் வாளியின் அடிப்பாகம், யாரோ ஒரு அத்தை "நகை எல்லாம் கவரிங்தான்" என்று சொன்னது, எல்லாம் 1920-க்கு 1080 புள்ளிகளில், ஸ்டீரியோ ஒலியில்.

சாயங்காலம் டிவியில் போட்டுப் பார்த்து வீடே ஸ்தம்பித்தது. மாமியார் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"முன்னால சிவப்பு லைட் எரியலையேன்னு நான் அப்பவே பார்த்தேன் மாப்பிள்ளை."

"சொல்லியிருக்கலாமே அத்தை!"

"கேமராவைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இதனால் அவர் பெயர் கெட்டுவிட்டது என்று நினைத்தால் கோவில்பதாகையை உங்களுக்குத் தெரியாது. ஒரு தவறு செய்தவர் அனுபவஸ்தர். ஆட்கள் வருவது கூடிற்று. இப்போது ஆளுக்கொரு போன் இருந்தும் வருகிறார்கள். போனை வாங்கி ஓரமெல்லாம் தடவி, "கார்டு போட ஓட்டையே காணோமே, படமெல்லாம் எங்கே இறங்கும்?" என்பார். மேலே எங்கேயோ போகிறது என்று பிள்ளைகள் சொன்னால், கையில் பிடிக்க முடியாததற்கு பாஸ் போட முடியாது என்பார். அவருடைய கார்டுகள் எல்லாம் பீரோவில் பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, மேலே தேதி எழுதி ஒட்டி. எதையும் அழித்ததில்லை. சாம்பார் வாளியையும்.

போன வாரம் பின்தெருப் பெண் ஒருத்தி வந்தாள். மகளுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

"அண்ணே, எனக்குத் தெரியிற மாதிரி சுலபமா ஒண்ணு சொல்லுங்க."

சார்ஜ்மேன் காதிலிருந்து பேனாவை எடுத்தார். பேப்பரைத் திருப்பி வெள்ளைப் பக்கம் பார்த்துக் கட்டம் போட்டார். மேலே மாடல் பெயர், பக்கத்தில் எடை, மைக், பேட்டரி. பாதியில் நிறுத்தினார்.

"அவசரப்படாதம்மா. தீபாவளிக்குப் புது மாடல் வருது."

"வளைகாப்பு வெள்ளிக்கிழமைண்ணே."

"தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்."